கை மடிக்கு இறங்கினால்

அவர் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது யாரும் அவரைக் கவனிப்பதில்லை. நிறுத்தினால்தான் கவனிப்போம். இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்து, புடவை மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொள்வார். நம் பக்கம் திரும்ப மாட்டார். திரையைப் பார்த்தபடியே, "அதனால?" என்பார். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் வக்கீல், இருபது வருஷம் தொழில் பார்த்தவராக இருந்தாலும், சொன்ன வாக்கியத்தைக் கையிலிருக்கும் காகிதத்தில் மறுபடி தேடத் தொடங்குவார்.

தஞ்சாவூரில் கோர்ட்டு வளாகத்துக்கு எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடைக்கும் நோட்டரி அறைக்கும் நடுவே இருந்த ஆறடி அகலக் கடை அவருடையது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஓயாமல் முனகும் ஒரு ஸ்டெபிலைசர். வக்கீல்கள் எல்லோரும் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவோம். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது வயது இருக்கும். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. தன்னைப் பற்றி ஒருவன் எழுதியிருக்கிறான் என்று தெரிந்தால், "எதுக்காக எழுதுனாரு?" என்று கேட்பார். அதற்கு என்னிடம் சரியான பதில் கிடையாது. கணவருக்கு ஓசூர்ப் பக்கம் வேலை மாறியபோது அவரும் போய்விட்டார். இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள்.

நான் வக்கீல் தொழிலுக்குத் தாமதமாக வந்தவன். அதற்கு முன் இன்ஷூரன்ஸ் பாலிசி பிடித்துக்கொண்டிருந்தேன். வாசல் கதவு பாதி திறந்திருந்தால் போதும், பேசிப் பேசியே உள்ளே போய் காபி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வெளியே வருவேன். இந்த வாய் இருக்கும்போது கோர்ட்டு என்ன பெரிய விஷயம் என்றுதான் சட்டம் படித்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, மேல்முறையீட்டில் வாய்க்கு அவ்வளவு வேலை இல்லை. கீழ்க் கோர்ட்டில் சாட்சிகள் பேசி முடித்தாயிற்று. மேலே போவது காகிதம் மட்டும். கீழ்க் கோர்ட்டின் தீர்ப்பு எங்கே பிசகியது என்று வரிசையாகக் காரணங்கள் எழுத வேண்டும். எனக்கோ எழுத வராது.

எழுத வராதவர்கள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். யாரோ எழுதிய பழைய மேல்முறையீட்டை எடுத்து, பெயர்களை மாற்றிவிடுவது. 'கீழமை நீதிமன்றத்தின் தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியத்துக்கும் புறம்பானது' என்று முதல் காரணம் தொடங்கும். எல்லா மேல்முறையீடும் அப்படித்தான் தொடங்கும். பிறகு 'கவனிக்கத் தவறிவிட்டது', 'உணரத் தவறிவிட்டது' என்று இருபது, இருபத்தைந்து காரணங்கள். எண்ணிக்கை கூடினால் கட்சிக்காரருக்கு மனசு நிறையும்.

என் முதல் மேல்முறையீட்டை அவரிடம் கொண்டுபோனேன். வீட்டுச் சுவர் தகராறு. பதினாலாவது காரணம் வரைக்கும் மழை மாதிரி அடித்தார். கை மடிக்கு இறங்கியது.

"சார், இதுல தென்னந்தோப்பு எங்கேருந்து வந்துச்சு?"

"எந்தத் தென்னந்தோப்பு?"

"மேற்படி தென்னந்தோப்பில் வாதியின் அனுபவத்தை உணரத் தவறிவிட்டதுன்னு சொல்லியிருக்கீங்க. இவங்க வீட்டுல ஒரு தென்னங்கன்னுகூட இருக்கறதாத் தெரியலியே."

பழைய ஃபைலின் தோப்பு என் ஃபைலுக்கு நடந்து வந்திருந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு ஜூனியர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்து மழுப்பினேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தோப்பு யாருடையது, அந்த வழக்கு என்னவாயிற்று என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் முகத்தில் உண்மையிலேயே ஏமாற்றம் தெரிந்தது.

அவருக்கு எதையும் பாதியில் விட முடியாது. ஒருநாள் மாலை ஜூனியர்கள் பஜ்ஜி வாங்கி வந்திருந்தார்கள். பஜ்ஜியைத் தின்றுவிட்டு, எண்ணெய் ஊறிய செய்தித்தாள் துண்டை நீவிப் பிரித்து வாசித்தார். கல்யாணத்தன்று காணாமல்போன மாப்பிள்ளையைப் பற்றிய செய்தி. பாதியில் காகிதம் கிழிந்திருந்தது. எழுந்து நேரே பஜ்ஜிக் கடைக்குப் போய்விட்டார். "இதோட மிச்சம் எங்க?" என்று அவர் கேட்க, கடைக்காரர், "மிச்சம் கோர்ட்டு அமீனா கையில வடையோட போயிடுச்சும்மா" என்றார். விடவில்லை. அடுத்த நாள் நூலகத்தில் பழைய பேப்பர் தேடிக் கண்டுபிடித்துவிட்டு வந்தார். மாப்பிள்ளை எங்கே போயிருந்தான் என்று நாங்கள் கேட்டதற்கு, "சீர்காழியில அத்தை வீட்டுல தூங்கிக்கிட்டு இருந்திருக்கான்" என்றார் நிம்மதியாக.

ஆனால் யாருக்கும் அடித்துத்தர மறுத்தவர் இல்லை. ஒரு பெரிய வக்கீல் ஒருமுறை கத்தினார். "நீ டைப் அடிக்கிறவளா, ஜட்ஜா?"

"டைப் அடிக்கிறவதான் சார். புரியாம அடிச்சாத் தப்பு வருது, அதான் கேட்டேன்."

"புரிய வேண்டியது உனக்கில்ல. அடி."

"உங்க இஷ்டம் சார்" என்று ஒரு எழுத்து மாற்றாமல் அடித்துக் கொடுத்தார். அந்த 'உங்க இஷ்டம் சார்' எங்களிடையே பிரபலம். அதைக் கேட்டுவிட்டால் அந்த வழக்கு தேறாது என்று ஜூனியர்கள் பந்தயம் கட்டுவார்கள். கத்தியவர் அடுத்த வாரமே வந்து, குரலை இறக்கி, "அன்னிக்கு என்னமோ கேட்டியேம்மா, அது என்னது?" என்றார்.

இவ்வளவு கேள்வி கேட்பவர், அறுபது தப்படி தூரத்தில் இருந்த கோர்ட்டுக்குள் ஒருமுறைகூட வந்ததில்லை. எனக்கு இது பெரிய ஆச்சரியம். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"உள்ள வந்தா நீங்கள்லாம் பேசறதுல மயங்கிடுவேன் சார். அப்புறம் பேப்பர்ல என்ன இருக்குன்னு தெரியாது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "மேல்கோர்ட்டுக்கும் பேப்பர் மட்டும்தானே போகுது? எனக்கும் அது மட்டும்தான் வருது" என்றார்.

அன்றைக்கு அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அஞ்சலையம்மா வழக்கு வந்தபோது வேடிக்கை தீர்ந்தது.

அஞ்சலையம்மா திருக்காட்டுப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். ஐம்பத்தைந்து வயது. மாமனார் அந்த ஊர்ப் பண்ணை ஒன்றில் கூலி வேலை பார்த்தவர். கணவர் சவூதிக்குப் போய்ச் சம்பாதித்து, கல்யாணமான புதிதில், அதே பண்ணையில் மூன்று மா நிலம் வாங்கினார். மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். கணவர் இப்போது இல்லை. அந்த ஒரு ஏக்கர்தான் இருந்தது, அதுவும் மூன்று வருஷமாகத் தரிசு.

காரணம் மேல்வயல்காரர். பாசன வாய்க்கால் மேற்கே ஓடுகிறது. அடுத்து மேல்வயல்காரரின் நிலம். அதற்குக் கிழக்கேதான் அஞ்சலையம்மாவின் வயல். மேல்வயலின் ஓரமாக ஒரு சின்ன வாய்க்கால் போய் அவர் வயலுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. மேல்வயல்காரர் நெல்லை விட்டு வாழை போட்டார். போட்ட மறுவருஷம் அந்தச் சின்ன வாய்க்காலைத் தூர்த்துவிட்டார். வழக்கு போட்டால், அப்படி ஒரு வாய்க்காலே கிடையாது என்று பதில் சொன்னார். கோர்ட்டு அனுப்பிய கமிஷனர் போய்ப் பார்த்துவிட்டு வாய்க்கால் எதுவும் காணப்படவில்லை என்று எழுதினார். தூர்த்த வாய்க்கால் எப்படிக் காணப்படும்! சர்க்கார் புல வரைபடத்திலும் இல்லை. வழக்கு தள்ளுபடி. கீழ்க் கோர்ட்டில் நடத்தியவர் வேறு வக்கீல். மேல்முறையீட்டுக்கு அஞ்சலையம்மா என்னிடம் வந்தார்.

"சார், இந்த வருஷமும் நடலைன்னா நான் வயலை அவருக்கே வித்துட்டுப் போக வேண்டியதுதான். அவரும் அதத்தான் எதிர்பாக்குறாரு" என்றார் அஞ்சலையம்மா. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இருபத்தேழு காரணங்கள் தயார் செய்துகொண்டு கடைக்குப் போனேன். தென்னந்தோப்பு எதுவும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். 'முப்பது ஆண்டுகளாக வாதி மேற்படி வாய்க்கால் வழியாகவே பாசனம் செய்து வருவதை உணரத் தவறிவிட்டது' என்ற இடத்தில் கை மடிக்கு இறங்கியது.

"அதனால?"

"அதனால வாய்க்கால் இருந்ததுன்னு அர்த்தம் மேடம்."

"மேப்புல இல்லன்னு சொல்லித்தானே சார் தள்ளியிருக்காங்க. உங்க இருபத்தேழுல மேப் பத்தி ஒரு வார்த்தகூட இல்லியே?"

"அது நமக்குப் பாதகமான சங்கதி. அத நாமளே எடுத்துக் குடுப்பானேன்?"

"ஜட்ஜ் எழுதி வச்சுட்டாரே சார். நீங்க சொல்லாம விட்டா அது மறைஞ்சிடுமா?"

எனக்குக் கோபம் வந்தது. பாலிசி விற்ற காலத்தில், வாடிக்கையாளர் கேட்காத வரைக்கும் பாதகமான ஷரத்தைப் பற்றி நான் மூச்சு விட்டதில்லை. அதே புத்தி.

"மேப்புல ஏன் இல்ல?" என்றார் மறுபடியும். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவருக்கு நிஜமாகவே அது தெரிய வேண்டியிருந்தது. எனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அஞ்சலையம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மேப்புல எப்படி சார் இருக்கும்?" என்றார் அவர், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "சர்க்காருலேருந்து வந்து அளந்தப்ப ரெண்டும் ஒரே பண்ணதானே. அவங்க நிலத்துக்குள்ள அவங்களே வெட்டிக்கிட்ட வாய்க்கா அது. பெறவுதான எங்க வீட்டுக்காரருக்கு மூணு மாவ வித்தாங்க. மிச்சத்த இவரு வாங்குனது அதுக்கும் பத்து வருசம் கழிச்சு."

"இத ஏம்மா இத்தன நாளாச் சொல்லல?"

"நீங்க யாரும் கேக்கலியே சார்."

வழக்குக் கட்டிலிருந்து அஞ்சலையம்மாவின் கிரயப் பத்திரத்தை உருவினேன். நான்கெல்லை விவரத்தில், மேற்கெல்லையாக, 'எனக்குப் பாத்தியப்பட்ட மீதி நிலத்துக்குக் கிழக்கு' என்று விற்றவர் எழுதிக் கொடுத்திருந்தார். எத்தனையோ தடவை அந்த வரியைக் கடந்து போயிருக்கிறேன். ஒரே ஆளின் நிலம் இரண்டாகப் பிரிந்து விற்கப்படும்போது, அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிய ஓடிக்கொண்டிருந்த வாய்க்கால் வாங்கியவரின் உரிமையோடு சேர்ந்தே போகும் என்று சட்டம் இருக்கிறது. அப்படியென்றால் வரைபடத்தில் வாய்க்கால் இல்லாதது எங்களுக்குப் பாதகமே இல்லை. இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இருபத்தேழு காரணங்களையும் கிழித்துப்போட்டேன். 'புல வரைபடத்தில் இந்த வாய்க்கால் இல்லை என்பது உண்மை. அது ஏன் இல்லை என்பதே இந்த மேல்முறையீடு' என்று தொடங்கி நான்கு காரணங்கள் மட்டும் சொன்னேன். அவர் கை ஒரு தடவைகூட நிற்கவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதினால் சின்னப் பையன் மாதிரி இருக்கும், விட்டுவிடுகிறேன்.

மேல்முறையீடு விசாரணைக்கு வந்தது. நான் பேசி முடித்தேன். எதிர்த்தரப்பு எழுத்து வாதம் தாக்கல் செய்ய ஒரு வாரம் கேட்டது. அந்த வாரத்தில் ஒரு மத்தியானம், கடைப் பக்கம் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். என்னுடைய அதே பிளாஸ்டிக் நாற்காலியில் மேல்வயல்காரரின் வக்கீல் உட்கார்ந்திருந்தார். மேடத்தின் கை மடியில் இருந்தது.

"மாற்று வழி உண்டுன்னா எந்த வழி சார்?" என்று அவர் கேட்பது என் காதில் விழுந்தது. நான் திரும்பி நடந்துவிட்டேன்.

அடுத்த வாரம் எதிர்த்தரப்பு எழுத்து வாதத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. 'வாதியின் வயலுக்குக் கிழக்கே உள்ள வடிகாலைத் தவிர வேறு எந்த நீர்வழியையும் கமிஷனர் காணவில்லை. அந்த வடிகாலிலிருந்து இன்ஜின் வைத்து இறைத்துக்கொள்ள வாதிக்குத் தடை எதுவும் இல்லை.' கீழ்க் கோர்ட்டில் வெறுமனே 'மாற்று வழி உண்டு' என்று வழவழவென்று இருந்த வாதம், இப்போது இடம், திசை, இன்ஜின் எல்லாவற்றோடும் வந்து நின்றது. நீதிபதி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதுக்கு என்ன சொல்றீங்க?" நான் அவகாசம் கேட்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அஞ்சலையம்மா என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நேரே கடைக்குப் போனேன்.

"என்ன மேடம், அவருக்கும் சொல்லிக் குடுத்துட்டீங்களா?"

"நான் யாருக்கும் எதுவும் சொல்லல சார். கேட்டேன்."

"அந்தக் கேள்வியே போதுமே! ஒரு பொம்பளையோட வயல் போவுது, தெரியுமா உங்களுக்கு?"

அவர் கை மடியில் இருந்தது. இந்தத் தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்ககிட்ட கேட்டா உதவி, அவர்கிட்ட கேட்டா துரோகமா சார்? அவரும் ஒரு வயல்காரருக்காகத்தானே எழுதறாரு. எனக்குப் புரியல, கேட்டேன். உங்க பேப்பர்ல இருக்கறத அவருக்குச் சொன்னேனா? அவரு பேப்பர்ல இருக்கறத உங்களுக்குச் சொன்னேனா?"

"இனிமே இங்க வர மாட்டேன்" என்றேன்.

"உங்க இஷ்டம் சார்" என்றார். சரியாக அந்த வார்த்தையைச் சொன்னதில் எனக்கு எரிச்சல் இரட்டிப்பானது.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறொரு கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் நான் சொல்லச் சொல்ல எதுவும் கேட்காமல் அடித்துத் தள்ளினார். மணக்க மணக்கப் பத்துப் பக்கம். மறுநாள் காலையில் வீட்டில் காபியோடு எடுத்து வாசித்தேன். எதிராளியின் கெட்ட எண்ணம், அஞ்சலையம்மாவின் கஷ்டம், விதவை, ஏழை என்று என்னவெல்லாமோ இருந்தது. வடிகாலுக்குப் பதில் இல்லை. எதிர்த்தரப்பின் அந்த இரண்டு வாக்கியங்களை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். காபி டம்ளரைக் கீழே வைத்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு நானே "அதனால?" என்று கேட்டேன். வீட்டில் சமையலறையிலிருந்து, "என்னங்க, கூப்பிட்டீங்களா?" என்று குரல் வந்தது. இல்லை என்றேன்.

வடிகாலைத் தவிர வேறு நீர்வழி இல்லை என்கிறார்கள். அதனால? வடிகால் என்பது வயலில் மிஞ்சிய தண்ணீர் வெளியே போகிற பள்ளம். வயலுக்கு வராத தண்ணீர் எப்படி மிஞ்சும்? சரி, இன்ஜின் வைத்து இறைக்கலாம் என்கிறார்கள். அதனால? முப்பது வருஷமாக அந்த வயலில் நெல் விளைந்ததாகக் கிராமத்து அடங்கல் கணக்கு சொல்கிறது. அஞ்சலையம்மாவிடம் இன்ஜின் என்றைக்குமே இருந்ததில்லை. அப்படியானால் அந்த நெல் எந்தத் தண்ணீரில் விளைந்தது? வேறு வழியே இல்லை என்று எதிர்த்தரப்பே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. நான் முப்பது பக்கம் எழுதினாலும் நிரூபிக்க முடியாததை அவர்களே இரண்டு வரியில் நிரூபித்துக் கொடுத்திருந்தார்கள்.

பத்துப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, ஒரு பக்கம் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு மேடத்தின் கடைக்குத்தான் போனேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவர் ஒன்றும் நடக்காததுபோல வாங்கி, நிற்காமல் அடித்தார்.

"மிச்சம் எங்க சார்?"

"மிச்சம் இல்ல மேடம். அவ்வளவுதான்."

அன்றைக்குத்தான் அவர் சிரித்து முதல்முறை பார்த்தேன்.

நீதிபதி அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு எதிர்த்தரப்பு வக்கீலிடம், "எந்தத் தண்ணியில விளைஞ்சது?" என்று கேட்டார். அவர் நேர்மையானவர். கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அது பற்றிச் சாட்சியம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். இரண்டு வாரத்தில் மேல்முறையீடு அனுமதிக்கப்பட்டது. வாய்க்காலைத் திறந்துவிட உத்தரவு.

கடைக்கு ஓடினேன். "ஜெயிச்சுட்டோம் மேடம்!"

கை மடிக்கு இறங்கியது. "தண்ணி வந்துச்சா சார்?"

தீர்ப்பு வந்தது என்றேன். "அது சரி சார்" என்றார். அவ்வளவுதான். அஞ்சலையம்மாவுக்குத் தீர்ப்பைச் சொல்லிவிட்டு, அதற்குமேல் எதுவும் விசாரிக்கத் தோன்றாமல் இருந்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. புரட்டாசியில்தான் அவரிடமிருந்து போன் வந்தது. மேல்வயல்காரர் தகராறு எதுவும் செய்யாமல் ஆள் விட்டு வாய்க்காலைத் தோண்டிவிட்டாராம். தண்ணீர் வந்துவிட்டதாம், நட்டுப் பயிரும் பச்சை பிடித்துவிட்டதாம். இதைச் சொன்னபோது மேடம், "போய்ப் பாக்கலாமா சார்?" என்றார். கோர்ட்டுக்கு அறுபது தப்படி நடக்காத மனுஷி, சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு என்னோடு திருக்காட்டுப்பள்ளி பஸ் ஏறினார்.

வாய்க்கால் இரண்டு முழ அகலம்தான். இதற்கா நாலு வருஷம் என்று இருந்தது. கணுக்கால் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அஞ்சலையம்மா வரப்பில் வந்து எதிர்கொண்டார். மேடத்தை யார் என்று கண்ணால் கேட்டார். "இவங்கதாம்மா நம்ம பேப்பர டைப் அடிச்சவங்க" என்றேன். "ரெண்டு பேரு பேப்பரையும்" என்று மேடம் திருத்தினார். அஞ்சலையம்மாவுக்கு அது எப்படிப் பட்டதோ, "வாங்க" என்று மட்டும் சொன்னார்.

மேடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீரில் கை வைத்துப் பார்த்தார். எங்கே திரும்புகிறது, யார் மடை திறப்பார்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று வரிசையாகக் கேட்டார். அஞ்சலையம்மாவும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எழுந்த மேடம் மறுபக்கம், மேல்வயல்காரரின் வாழையைப் பார்த்தார்.

"இந்த ஓரத்துல இருக்கற மரம் மட்டும் ஏன் மஞ்சளா இருக்கு?"

"கசிவும்மா" என்றார் அஞ்சலையம்மா. "கரை இந்த எடத்துல நொய்ஞ்சு கெடக்குது. வாழைக்குத் தண்ணி வேணும், ஆனா கால்ல நிக்கக் கூடாது. வேரு அழுவிப்புடும். அவரு வாழ போட்ட வருசமும் இந்த ஓரம் இப்புடித்தான் மஞ்சளா நின்னுச்சு."

"வாய்க்காலைத் தூர்க்கறதுக்கு முந்தியா?"

"ஆமா, அதுக்கு முந்தின வருசம்."

"அதனால?"

அஞ்சலையம்மா குனிந்து, நொய்ந்த கரையை விரலால் அமுக்கிப் பார்த்தார். நாலு வருஷத்தில் இரு தரப்பும் எழுதிய காகிதங்களில் மேல்வயல்காரர் ஏன் வாய்க்காலைத் தூர்த்தார் என்று ஒரு வரி கிடையாது. நாங்கள் 'தீய எண்ணத்துடன்' என்று எழுதினோம், எல்லா வழக்கிலும் எழுதுவதுபோல. வாய்க்காலே கிடையாது என்று பதில் போட்டுவிட்ட அவரோ, வாய்க்கால் கசிந்து வாழை போனது என்று எப்படிச் சொல்வார்?

"இத என்கிட்ட வந்து சொல்லியிருந்தா அன்னிக்கே களிமண்ணு அப்பி விட்டிருப்பேனே" என்றார் அஞ்சலையம்மா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு வரப்பில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினார். அவர் களிமண்ணை வெட்டி வெட்டி மேலே போட, மேடம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, மேல்வயல்காரர் பக்கத்துக் கரையில் அதை அறைந்து அறைந்து பூசினார். தூரத்தில் வாழைக்குள் ஒரு ஆள் நின்று பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கிட்டே வரவில்லை. போகவும் இல்லை. நான் தீர்ப்பு நகல் இருந்த பையை மார்போடு பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் அவர் கை மடியில் இருந்தது. நகக்கண்ணெல்லாம் களிமண். எனக்கு ஒரு சந்தேகம் குடைந்துகொண்டே இருந்தது.

"மேடம், அவங்க வக்கீல் அன்னிக்கு உங்ககிட்ட இந்த வாழ விஷயத்தச் சொன்னாரா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "சொல்லியிருந்தா, அத நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணுமா சார்?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கண்டியூர் தாண்டும்வரை யோசித்தேன். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். வாய்க்கால் இருந்ததை எதிராளியே ஒப்புக்கொள்கிறார் என்று முதல் காரணமாக எழுதி, இன்னும் சீக்கிரமாக ஜெயித்திருப்பேன். அந்த ஓரத்து வாழை இப்போதும் மஞ்சளாகத்தான் நின்றிருக்கும்.